நிறுத்தினவனுக்கு முதல் கிளாஸ்

முக்தாரின் உடலைச் சுமந்த சந்தூக்கு வாசல் நிலையில் இடித்துக்கொண்டது.

"நிறுத்து," என்றார் துஹாமி.

உரக்கக்கூடச் சொல்லவில்லை. முன்னால் நடந்துகொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார். சுமந்து வந்த நான்கு பேரில் மூவர் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர்கள். அந்த மூவரின் கால்களும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. நான்காவது ஆள் அத்தை மகன், அவன் மட்டும் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, "என்ன, என்ன ஆச்சு?" என்று தடுமாறினான். பின்பக்கம் பிடித்திருந்த ஒருவனின் விரல்கள் மரச்சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே மாட்டியிருந்தன. அவன் கத்தவில்லை, மூச்சைத்தான் உள்ளே இழுத்திருந்தான். துஹாமிக்கு அது கேட்டிருக்கிறது. சந்தூக்கை இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் சாய்த்தார்கள், அவன் கையை உருவிக்கொண்டான், மறுபடி நடந்தார்கள். முக்தார் வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

உள்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்று அவருடைய மகள் மப்ரூக்கா இதைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. விடியற்காலையில் பாபாவின் மூச்சு அடங்கிய நேரத்திலிருந்து ஏதோ ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டே இருந்தது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். இப்போது அந்த ஆலைக்காரர்களின் முதுகைப் பார்த்தபோது அது என்ன என்று தெரிந்துவிட்டது. பயம். வெறும் பயம். இந்த ஆட்கள் பாபாவுடைய ஆட்கள். பாபாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாளைக்குத் திரும்பி வருவார்களா?

வீட்டின் பின்சுவருக்கு அப்பால்தான் ஆலை. அது ஓடிக்கொண்டிருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஆலை ஓடுவதா என்று அத்தை ஷெத்லியா காலையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் முற்றத்தில் மூன்று நாளாக நாற்பது மூட்டை ஆலிவ் கிடந்தது. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு. இன்னும் ஒரு நாள் போனால் புளித்துப்போகும். பெரிய சாலையில் புதிதாக ஓர் ஆலை வந்திருக்கிறது, மின்விளக்கும் கண்ணாடிக் கதவுமாக. இன்று இங்கே சத்தம் நின்றால் நாளை மூட்டைகள் அங்கே போகும், மூட்டைகளுக்குப் பின்னால் ஆட்களும் போவார்கள். மப்ரூக்கா அப்படித்தான் கணக்குப் போட்டாள். ஆறு பேரில் நான்கு பேர் அடக்கத்துக்கு, இரண்டு பேர் ஆலைக் கல்லோடு இருக்கட்டும் என்றாள். மெஹ்ரெஸும் ஊனைஸும் என்று பெயரும் சொன்னாள்.

துஹாமி ஆலையின் மூத்த ஆள். பாபாவோடு முப்பது வருஷம் இருந்தவர். அவர் அவளைத் தனியாக அழைத்து, முதலாளி வீட்டுப் பெண்ணுக்குரிய 'லல்லா' என்ற மரியாதையோடு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"லல்லா, ஓட்டணுங்கறது சரிதான். பாபாவும் அதைத்தான் சொல்லியிருப்பாரு. ஆனா மெஹ்ரெஸை அனுப்பிருங்க. அவனுக்குப் பதிலா நான் இருக்கேன்."

"சொன்னது சொன்னதுதான், சாச்சா."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். ஆனால் அவள் கற்றது வேறு பாடம். மொனஸ்தீர் நகரத்தில் ஒரு துணி ஆலையில் பன்னிரண்டு வருஷம், கடைசி ஐந்து வருஷம் நாற்பது தையல்காரிகளுக்கு மேற்பார்வை. அங்கே மெஷின் வரிசை நின்றால் உயிர் போன மாதிரி. ஒரு மெஷின் நின்றால் கத்தவேண்டும், இரண்டு நின்றால் பெயர் எழுதவேண்டும். ஒரு தடவை சொன்ன வார்த்தையை மாற்றினால் அதோடு முடிந்தது, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு நன்றாகவே வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவள் வரிசைதான் எப்போதும் முதலில் முடியும்.

நவம்பரில் அறுவடை தொடங்கிய வாரம் பாபாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பிள்ளை என்று இருப்பது அவள் ஒருத்திதான், வந்துவிட்டாள். வந்து ஆலைக்குள் நின்று இரண்டு நாள் பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது.

பாபா நடத்திய விதம் அப்படி. மோட்டார் சுவிட்ச் சுவரில் தோள் உயரத்தில் இருக்கும், ஒரு பெரிய சிவப்புக் குமிழ். அதை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். ஏதாவது கேட்டால், ஏதாவது தோன்றினால், முதலில் நிறுத்து, பேச்செல்லாம் அப்புறம். நின்றதும் பாபா வருவார். 'ஏன்' என்று கேட்கமாட்டார். 'யாரு நிறுத்தினது?' என்றுதான் கேட்பார். நிறுத்தினவன் முன்னால் வருவான். பாபா கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கரியடுப்பை ஊதி, தன் கையால் தேநீர் போட்டு, முதல் கிளாஸை அவனுக்குத்தான் கொடுப்பார். அதைக் குடித்துக்கொண்டே அவன் விஷயத்தைச் சொல்வான். ஒன்றுமில்லாததற்கு நிறுத்தியிருந்தாலும் தேநீர் உண்டு. ஆறு பேருக்கும் யாருக்கு எத்தனை சர்க்கரை என்று பாபாவுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை ஆலை நிற்கும். முற்றத்தில் விவசாயிகள் மூட்டைமேல் உட்கார்ந்து அவர்களும் ஒரு வாய் குடிப்பார்கள். இது ஆலையா, கல்யாண வீடா என்று மப்ரூக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிகம் நிறுத்துகிறவன் மெஹ்ரெஸ். கஸ்ஸரீன் மலைப்பக்கத்து ஆள், ஒன்பது வருஷமாக ஒவ்வோர் அறுவடைக்கும் வருகிறான். ஒல்லி, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். என்னோட காது இவன்தான் என்று பாபா அவனைப் பற்றிச் சொல்வாராம். பத்து நாளைக்கு முன்னால் ஒரே காலையில் மூன்று தடவை நிறுத்தினான். மூன்றாவது தடவை மப்ரூக்கா வந்து, பதினைந்து இருபது விவசாயிகள் பார்த்துக்கொண்டிருக்க, "யாரு நிறுத்தினது?" என்று கேட்டாள். பாபாவின் அதே வார்த்தைதான், ஆனால் அவள் வாயில் அது வேறு மாதிரி இருந்தது. மெஹ்ரெஸ் பழக்கத்தில் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"என்ன சத்தம் கேட்டுச்சு உனக்கு? கனவு கண்டியா? இல்ல, டீ குடிக்கிற நேரமாயிருச்சா?"

விவசாயிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். மெஹ்ரெஸின் முகத்தில் இருந்த சிரிப்பு போகவும் இல்லை, இருக்கவும் இல்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. மத்தியானம் அவள் ஒரு தாளில் எழுதி, சிவப்புக் குமிழுக்கு மேலே மாவுப் பசையால் ஒட்டினாள்: 'மப்ரூக்காவைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.' அன்றிலிருந்து ஆலை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பாபாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் ஆலைச் சுவர். ஐந்து வாரம் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். முன்பெல்லாம் அது நிற்கும்போது அவருடைய இடது கை போர்வைமேல் எழும், விரல்கள் ஒரு கிளாஸைப் பிடிக்கிற மாதிரி வளையும். தாள் ஒட்டியபிறகு அவள் பெருமையோடு போய்ச் சொன்னாள், பாத்தீங்களா பாபா, எட்டு நாளா ஒரு நிமிஷம் நிக்கலை என்று. அவர் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவள் துடைத்துவிட்டாள். இன்று விடியற்காலையில் மூச்சு இழுக்கும்போதுகூட அந்த இடது கை சுவரைத் தொட்டுத் தொட்டு அமுக்கிக்கொண்டிருந்தது. வலியில் என்று நினைத்தாள்.

கூடத்தில் பெண்கள் பாய்மேல் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டார் கூஸ்கூஸ் தட்டுகளை மூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. அத்தை ஷெத்லியா அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்தாள். அத்தைக்கு அழும்போதும் பேசும்போதும் குரல் ஒன்றுதான்.

"அந்த மலைக்காரன் ஏன் தூக்க வரல? ஒல்லியா ஒருத்தன் இருப்பானே."

"மெஹ்ரெஸா? ஆலையில இருக்கான் அத்தை. ஒருத்தர் இருக்கணும்ல."

"அவனையா விட்டே?" அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் பொண்டாட்டி செத்தப்ப, உங்க பாபா ஆலையை இழுத்துப் பூட்டிட்டு, ஆறு பேரையும் வண்டியில ஏத்திக்கிட்டு மலைவரைக்கும் போனாரு. முன்பக்கம் அவருதான் தோள் கொடுத்தாராம். முட்டி வலியோட. உனக்குத் தெரியாது, நீ அங்க இருந்தே."

மப்ரூக்காவுக்குத் தெரியாதுதான். துஹாமி அவளைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அவர் சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் கோபம் வந்து, வந்த வேகத்தில் போயிற்று. 'சொன்னது சொன்னதுதான்' என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று எப்படிக் கேட்பது?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஆலையின் சத்தம் அவள் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். கல் உருளைகள் தொட்டிக்குள் உருளுகிற கனத்த முனகல், அதற்கு மேல் மோட்டாரையும் கல்லையும் இணைக்கிற நீளமான பெல்ட்டின் சத்தம். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் தோல்வாரால் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் சக்கரத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு 'சப்'. ஒரு சுற்றுக்கு ஒரு 'சப்'. சின்ன வயதில் அதை எண்ணிக்கொண்டேதான் தூங்குவாள்.

இப்போது கேட்டது இரண்டு. சப்-சப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சப்-சப்.

தையல் விடுகிறது. அவள் மேற்கொண்டு கேட்டாள். பெண்களின் அழுகை, யாரோ ஓதுகிற குரல், குழந்தை ஒன்றின் சிணுங்கல், எல்லாவற்றுக்கும் அடியில் அது மட்டும் தனியாகக் கேட்டது. பரவாயில்லை, மெஹ்ரெஸ் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டாள். அவன் காதுக்கு இது நான் கேட்பதற்கு முன்பே கேட்டிருக்கும். இதோ நிறுத்துவான். இப்போது நிறுத்துவான்.

சப்-சப். சப்-சப்.

நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சிவப்புக் குமிழுக்கு மேலே அவள் கையெழுத்து ஒட்டியிருக்கிறது. அவளைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அவளோ சாவு வீட்டில், ஐம்பது பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். எந்த ஆண் உள்ளே வந்து கேட்பான்?

அந்த பெல்ட் அறுந்தால் எங்கே அடிக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். பாபா ஒரு தடவை காட்டியிருக்கிறார். தொட்டியின் ஓரத்தில் நின்று, சிதறுகிற ஆலிவ் கூழை மண்வெட்டியால் கல்லுக்கு அடியில் தள்ளுகிறவன் நிற்கும் இடம். கழுத்து உயரம். இன்றைக்கு அந்த வேலை ஊனைஸுக்கு. ஐந்து பெண் பிள்ளைகள் ஊனைஸுக்கு. கடைசிப் பெண் போன மாதம்தான் நடக்கத் தொடங்கினாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போறே? தூக்கிட்டுப் போனவங்க திரும்பி வர்றதுக்குள்ள மக வாசலைத் தாண்டுவாளா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் எப்போதும் போல ஒட்டிக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. முற்றத்தில் மூட்டைகளின் மேல் இருந்த விவசாயிகள் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள், சிலர் தொப்பியைக் கையில் எடுத்தார்கள். ஆறுதல் சொல்ல வாயெடுத்த ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்து விலகிக்கொண்டாள். யா ரப்பீ, யா ரப்பீ என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டு அவள் ஓடினாள். வேறு பிரார்த்தனை எதுவும் வாயில் வரவில்லை. ஆலை வாசலில், வெளிப்பக்கம், சுவரில் சாய்ந்து ஊனைஸ் நின்றுகொண்டிருந்தான்.

"நீ இங்க என்ன பண்றே? உள்ள யாரு?"

"மெஹ்ரெஸ்தான், லல்லா. போய் மூட்டையை எண்ணு, நான் கூப்பிடறவரைக்கும் உள்ள வராதேன்னு தள்ளி விட்டுட்டான். என்னான்னு சொல்ல மாட்டேங்கறான்."

உள்ளே மெஹ்ரெஸ் தொட்டியின் ஓரத்தில், ஊனைஸ் நிற்கவேண்டிய இடத்தில், மண்வெட்டியோடு நின்றான். சுவிட்ச் அவனுக்கு எட்டு அடி தூரத்தில் இருந்தது. அவன் கூழைத் தள்ளினான், நிமிர்ந்து பெல்ட்டைப் பார்த்தான், மறுபடி குனிந்து தள்ளினான். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தையலிலிருந்து ஒரு தோல்வார் பிரிந்து, சுற்றுக்குச் சுற்று காற்றில் வீசியடித்தது.

"மெஹ்ரெஸ், வெளிய வா!"

அவன் துள்ளித் திரும்பினான். மண்வெட்டியைத் தொட்டி விளிம்பிலேயே போட்டுவிட்டு அவளை நோக்கி வந்தான். அவள் ஓடிப்போய்ச் சிவப்புக் குமிழை இரண்டு கையாலும் அமுக்கினாள். மோட்டார் அடங்கியது. ஆனால் அந்தக் கற்கள் உடனே நிற்காது. ஒரு சுற்று வந்தன, இன்னொரு சுற்று வந்தன, மூன்றாவது சுற்றில் பெல்ட் அறுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. அறுந்த முனை தொட்டிக்கு மேலே சுழன்று மண்வெட்டியை அடித்துத் தூக்கியது. மண்வெட்டி எதிர்ச்சுவரில் மோதி விழுந்தது. சுவரில் ஓர் ஆள் கழுத்து உயரத்தில் பூச்சு பெயர்ந்து உள்ளே இருந்த கல் தெரிந்தது.

பிறகு ஒரே அமைதி. தொட்டியில் எண்ணெய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மப்ரூக்கா குமிழிலிருந்து கையை எடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்கவேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஏன் நிறுத்தலை?"

மெஹ்ரெஸ் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே தாளைப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தான்.

"உங்களைக் கேக்கச் சொல்லி ஒரு ஆளை அனுப்பினேன், லல்லா. பெரியவரு ஒருத்தரை. அவரு இன்னும் வரலை."

அந்தப் பெரியவர் வீட்டு முன்வாசலில், பெண்களின் அழுகைக்கு வெளியே, தொப்பியைப் பிசைந்துகொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. தகப்பனைப் பறிகொடுத்த பெண்ணை பெல்ட்டுக்காக எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்புறம் ஊனைஸை வெளிய அனுப்பிட்டு நீ போய் நின்னியா?"

"அவனுக்கு அஞ்சு பொண்ணுங்க, லல்லா."

சாதாரணமாகச் சொன்னான், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி. அவளுக்கு இப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இதுவரை பயந்ததெல்லாம் ஆட்கள் போய்விடுவார்களோ, ஊர் சிரிக்குமோ என்று. இந்த மனிதன் செத்திருப்பான். அந்தக் குமிழைத் தொடுவதைவிட அந்த இடத்தில் போய் நிற்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பத்து நாளில் அவள் அவனை அப்படி ஆக்கிவிட்டாள். பாபாவைப் புதைக்கிற நேரத்தில் பாபாவின் ஆலையில் இன்னொரு மய்யித்து விழுந்திருக்கும்.

அடக்கத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது அவள் ஒரு காலி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். துஹாமி முன்னால் வந்தார், கையிலும் தொப்பி ஓரத்திலும் கல்லறை மண். வாசலில் நின்று கல்லைப் பார்த்தார், அறுந்த பெல்ட்டைப் பார்த்தார், சுவரில் பெயர்ந்த இடத்தைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"யாரு நிறுத்தினது?"

கேட்டதும் அவரே சங்கடப்பட்டார். பின்னால் நின்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். ஊனைஸ் தரையைப் பார்த்தான். இந்தத் தரை பார்ப்பதைத்தான் பத்து நாளாக அவள் மரியாதை என்று நினைத்திருந்தாள். மெஹ்ரெஸ் என்று சொல்லிவிடலாம், எல்லார் முன்னாலும் அவனை அவமானப்படுத்தியதற்கு எல்லார் முன்னாலும் அவன் பெயரைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் மெஹ்ரெஸ் பேசிவிட்டான்.

"நான் நிறுத்தலை, சாச்சா. கேட்டுச்சு. கல்லு ரெண்டாவது தொட்டி அரைக்கும்போதே கேட்டுச்சு. நிறுத்தியிருக்கணும். கை வரலை."

ஆலையில் பத்து நாளுக்குப் பிறகு ஒருவன் பேசிய முதல் உண்மையான பேச்சு அது. மப்ரூக்கா எழுந்தாள்.

"கை வராமப் பண்ணினது நான்," என்றாள். அதற்கு மேல் ஒரு பெரிய பேச்சு இருந்தது, காலையிலிருந்து சேர்ந்த பேச்சு. அது வரவில்லை. "மெஹ்ரெஸ், நீ போ. கபருக்குப் போயிட்டு வா. பெல்ட் தைக்க எப்படியும் நேரமாகும்."

அவன் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். எண்ணெயும் கூழுமாக இருந்தது.

"அப்படியே போ," என்றார் துஹாமி. "அவரு உன்னை எப்ப சுத்தமாப் பாத்திருக்காரு?"

யாரோ மூக்கால் சிரித்தார்கள். மெஹ்ரெஸ் முற்றத்துக் குழாயில் கையை மட்டும் நெடுநேரம் கழுவிவிட்டு, கல்லறைப் பக்கம் நடந்தான். ஓடவில்லை, ஆனாலும் கிட்டத்தட்ட ஓட்டம்தான்.

துஹாமியும் மற்றவர்களும் பெல்ட்டைத் தரையில் விரித்துப் புதிய தோல்வாரால் தைத்தார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. சுவருக்கு அப்பாலிருந்து அத்தை இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அவள் பெல்ட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடி என்றால் பிடித்தாள், விடு என்றால் விட்டாள். தாள் சுவிட்சுக்கு மேல் அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அவள் கண்ணில் பட்டது. கிழிக்கலாம். கிழித்துவிட்டு, நாளைக்கு ஆளுக்கு ஒரு நேரம் நிறுத்தத் தொடங்கினால்? மூட்டைகள் புளித்தால்? இத்தனைக்குப் பிறகும் அந்தப் பயம் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றது. அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பெல்ட்டை மாட்டினார்கள். அதே நேரத்தில் மெஹ்ரெஸ் வந்து சேர்ந்தான். முழங்கால் இரண்டிலும் மண். கண் சிவந்திருந்தது. நேராகச் சுவிட்சுக்குப் பக்கத்தில், அவனுடைய பழைய இடத்தில் போய் நின்றான். ஊனைஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தொட்டி ஓரத்துக்குப் போனான். மப்ரூக்கா துஹாமியைப் பார்த்தாள், துஹாமி தலையசைத்தார், கற்கள் புரளத் தொடங்கின. முற்றத்தில் விவசாயிகள் அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்த்தார்கள். சப். சப். ஒரு சுற்றுக்கு ஒன்று. அவள் எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று.

பன்னிரண்டாவது வரவில்லை. மோட்டார் அடங்கி, கற்கள் முனகிக்கொண்டே நின்றன.

எல்லோரும் திரும்பினார்கள். முற்றத்திலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மெஹ்ரெஸின் கை சிவப்புக் குமிழின்மேல் இருந்தது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்ன?" என்ற சொல் மப்ரூக்காவின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதற்குப் பின்னால் கனவும் டீயும் இன்னும் ஏதேதோ வரிசையாக நின்றன. ஐந்து வருஷப் பழக்கம். அவள் பல்லை இறுக்கிக்கொண்டாள். பெல்ட்டைப் பார்த்தாள். தையல் சரியாகத்தான் இருந்தது. ஊனைஸ் சரியாகத்தான் நின்றான். எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல, லல்லா," என்றான் மெஹ்ரெஸ். குரல் பாதியில் உடைந்தது. "ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

இப்போது அவள் என்ன செய்யப்போகிறாள் என்று ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் பயங்கரம்.

அவள் கல்லுக்குப் பக்கத்து மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். பாபாவின் கரியடுப்பு ஐந்து வாரமாக எரியவில்லை. சாம்பலைக் கையாலேயே ஒதுக்கினாள். கோணிப்பையிலிருந்து நாலு கரித்துண்டு எடுத்து அடுக்கினாள். பற்றவைக்கக் காகிதம் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எழுந்து சுவிட்ச்வரைக்கும் நடந்தாள். மெஹ்ரெஸ் பதறி ஒதுங்கினான். மாவுப் பசை நன்றாகக் காய்ந்திருந்தது, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி மெல்ல உரித்தாள். அப்படியும் கால்வாசி சுவரிலேயே தங்கிவிட்டது. கையில் வந்ததைச் சுருட்டி, கரிக்கு அடியில் செருகி, தீக்குச்சியைக் கிழித்தாள். மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது.

துஹாமி அலமாரியிலிருந்து கிளாஸ்களை எடுத்து, சட்டை நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்து அவள் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் கொதித்தது. இலையைப் போட்டாள், பாபா செய்வது மாதிரி உயரத்திலிருந்து ஊற்றப் பார்த்துப் பாதியைக் கீழே சிந்தினாள். முதல் கிளாஸ் நிறைந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியை எடுத்தவள் மெஹ்ரெஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு எத்தனை சர்க்கரை, மெஹ்ரெஸ்?"

"மூணு, லல்லா," என்றான் அவன்.